குளிசை தொடங்கிய முதல் இரண்டு கிழமை: மாதவிடாய் நிற்கும் வயதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் மருந்தாளராக வேலை செய்கிறேன். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் நாற்பத்தைந்தைத் தாண்டிய ஒரு பெண் வந்து நின்றால், மருந்துத் துண்டைப் பார்க்க முன்னரே முகத்தில் பாதி தெரிந்துவிடும். நெஞ்சு அடிக்கிறது, இரவு மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு நித்திரை இல்லை, பிள்ளை டியூஷனால் வரக் கொஞ்சம் பிந்தினால் கை நடுங்குகிறது. எங்கள் வயதுக்காரர் பட்டுத் தெளிந்த அதே பிழைகளை இப்போது வருகிற தங்கச்சிமாரும் அப்படியே செய்வதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. அதனால்தான் பதற்றமும் படபடப்புமான இந்தப் பதகளிப்பையும் அதற்கு எடுக்கும் குளிசைகளையும் பற்றி எழுதுகிறேன். ஒரு நேரக் குளிசையை மறந்துபோவது மாதிரியான விஷயங்களை விட்டுவிடுகிறேன். பெரிய சேதம் செய்கிறவை மட்டும் இங்கே.

எல்லாவற்றையும் வயதின் தலையில் போடுவது

மாதவிடாய் ஒரே நாளில் நிற்பதில்லை. பெரும்பாலும் நாற்பதுகளின் நடுவில் குழப்பம் தொடங்கி நான்கைந்து வருடம் இழுக்கும், சிலருக்கு அதைவிடவும் நீளும். 12 மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் நின்றதாகக் கணக்கு. இந்த இடைக்காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சீராகக் குறையாமல் ஏறி இறங்கும். முட்டை வெளிவராத மாதங்களில் மற்றப் பெண் ஹார்மோனான புரோஜெஸ்டரோனும் குறைந்துபோகும். புரோஜெஸ்டரோனில் இருந்து உடல் உண்டாக்கும் ஒரு பொருளுக்கு மூளையை அமைதிப்படுத்தும் வேலை இருக்கிறது. அது குறையும்போது சிலருக்குப் பதகளிப்பு வருகிறது. ஆகவே இது மனத்துணிவு இல்லாத பெண்ணுக்கு வருகிற வருத்தம் இல்லை.

சரி, அதற்காக ஒவ்வொரு படபடப்பும் மாதவிடாய் நிற்பதால் வருவதும் இல்லை. தைரோயிட் கூடினாலும் நெஞ்சு அடிக்கும், வியர்க்கும், கை நடுங்கும், நித்திரை போகும். இரத்தம் அதிகமாகப் போய் ஹீமோகுளோபின் இறங்கினாலும் படியேறும்போது நெஞ்சு படபடக்கும். இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை போதும். அப்புறம், நீங்கள் ஏற்கெனவே எடுக்கும் மருந்துகளையும் பாருங்கள். பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபினால் சிலருக்கு முகம் சூடேறிச் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், கணுக்கால் வீங்கும். இழுப்புக்கு எடுக்கும் சல்பியூட்டமோல் பம்ப் கையை நடுங்க வைக்கும். தைரோயிட் குறைவுக்கு எடுக்கும் தைரொக்சின் அளவு கூடினால் பதற்றம் வரும். கச்சான் காற்று அடிக்கிற ஆனி ஆடியில் இவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால், எது வெயில், எது மருந்து, எது வயது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. எந்த மாதம் எந்தக் குளிசை தொடங்கியது என்று கலண்டரில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தால் வைத்தியருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதைத் தாண்டிய பெண்களுக்குப் பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் பார்க்கிறார்கள். அங்கே ஒருமுறை போய் வாருங்கள்.

நெஞ்சை அமுக்குகிற வலி, கைக்கோ தாடைக்கோ ஏறும் வலி, குளிர்ந்த வியர்வை என்றால் இந்தக் கதை ஒன்றும் வேண்டாம். 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

முதல் கிழமையிலேயே குளிசையை நிறுத்துவது

இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குக் கோபம் வருகிற பிழை இதுதான்.

பதகளிப்புக்கு வைத்தியர்கள் அதிகம் எழுதுவது செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம், ஃபுளுஒக்ஸெடின் போன்ற குளிசைகளை. பலன் தெரியத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு கிழமை பிடிக்கும், முழுதாகத் தெரிய ஆறு எட்டுக் கிழமையும் ஆகலாம். பக்கவிளைவோ முதலாம் இரண்டாம் நாளிலேயே வந்து நிற்கும். குமட்டல், தலையிடி, வயிறு இளகுதல், நித்திரை குழம்புதல். அதோடு, எந்தப் பதகளிப்புக்காகக் குளிசை தந்தார்களோ அதுவே சில நாட்களுக்குக் கொஞ்சம் கூடலாம். கெட்டது முதலில் வருகிறது, நல்லது பிறகு வருகிறது. இந்த வரிசையை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் எந்தப் பெண்ணுக்கும் அது நஞ்சாகத்தான் தெரியும்.

இந்தக் குளிசைகள் செரோட்டோனின் என்ற பொருளை நரம்புகளுக்கு இடையில் கூட்டுகின்றன. உடலில் உள்ள செரோட்டோனினில் கிட்டத்தட்ட 90 வீதம் இருப்பது குடலில். அதனால் வயிறுதான் முதலில் முறையிடும். மூளையோ இந்த மாற்றத்துக்குப் பழகக் கிழமைக் கணக்கில் எடுக்கும். வயிற்றுக் கோளாறு பெரும்பாலும் ஓரிரு கிழமையில் அடங்கிவிடும்.

படுவான்கரையில் இருந்து வரும் ஒரு அக்கா. வயல் வேலைக்குப் போகிறவர். செர்ட்ராலின் தொடங்கி மூன்றாம் நாள் சத்தி, இரவில் நெஞ்சு ஓட்டம். மச்சாள் வந்து பார்த்துவிட்டு, “இது விசர்க் குளிசை, குடிச்சா மூளை மங்கிப் போகும்” என்றாராம். ஐந்தாம் நாள் நிறுத்திவிட்டார். வைத்தியர் ஏசுவார் என்ற பயத்தில் அந்தக் கிளினிக் பக்கமும் போகவில்லை. பதகளிப்பு சும்மா இருக்குமா? அடுத்த சில மாதங்களில் தனியார் இடங்களில் ஈசிஜி, வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்த்தது, கேஸ்ட்ரிக் குளிசை, கடைசியில் நூலும் கட்டியாகிவிட்டது. காப்பு அடகுக்குப் போனது. வருத்தம் மட்டும் போகவில்லை.

பிரஷர் குளிசை எடுக்க வந்த ஒரு நாள் பையைத் திறந்து எல்லாவற்றையும் என் முன்னால் கொட்டினார். அதற்குள் அந்தச் செர்ட்ராலின் கார்டும் கிடந்தது. பத்துக் குழியில் நான்குதான் வெறுமை. கிழிந்த ஈயத்தாளை நகத்தால் அழுத்தி மட்டமாக்கி வைத்திருந்தார். மிச்சம் ஆறும் பளபளவென்று அப்படியே இருந்தன. கூட இருந்த காகித உறையில் “காலை 1” என்று மட்டும் எழுதியிருந்தது. குறைந்த அளவில் தொடங்கச் சொல்லவில்லை. முதல் இரண்டு கிழமை எப்படி இருக்கும் என்று ஒரு வரி இல்லை. எனக்குக் கோபம் அந்த அக்காவில் இல்லை. அந்த உறையை எழுதிக் கொடுத்த கையில்தான்.

வைத்தியர் மறுபடி தொடங்கியபோது 50 மில்லிகிராம் குளிசையில் பாதி, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று கொடுத்தார். இந்த முறை என்னென்ன வரும், எப்போது போகும் என்பதை இருந்து கதைத்தோம். குமட்டல் வந்தது, போனது. இரண்டாம் மாதம் விடியும்வரை நித்திரை கொண்டதாக வந்து சொன்னார். “முதல் ரெண்டு கிழமை பாடுபடுத்தும் எண்டு ஒருத்தரும் சொல்லல்லையே தங்கச்சி. தெரிஞ்சிருந்தா பல்லக் கடிச்சிட்டு இருந்திருப்பன்.”

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: குறைந்த அளவில் தொடங்கலாமா, எத்தனை நாளில் கூட்டுவது, தாங்க முடியாவிட்டால் யாரிடம் வருவது. குமட்டினால் சாப்பிட்ட பிறகு போடுங்கள். நித்திரை குழம்பினால் காலையில், தூக்கம் தூக்கமாக வந்தால் இரவில். மத்தியானத்துக்குப் பிறகு கடும் தேத்தண்ணியையும் கோப்பியையும் குறையுங்கள். ஒரு மருந்து ஒத்துவராவிட்டால் அளவைக் குறைக்கலாம், வேறொன்றுக்கு மாறலாம். எல்லாமே வைத்தியரிடம் சொன்னால்தான் நடக்கும். ஏசுவார் என்று பயந்து வீட்டில் இருக்க வேண்டாம்.

பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கக் கூடாதவையும் உண்டு. உடலில் தடிப்பு, முகம் வீங்குதல், மூச்சு முட்டல். காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்த மனக்குழப்பம். நித்திரையே தேவைப்படாத அளவுக்குக் கட்டுக்கடங்காத உற்சாகம். உயிரை விட வேண்டும் என்ற எண்ணம். இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மனம் தாங்காத நேரத்தில் 1926க்கு அழைத்தால் தேசிய மனநல உதவிச் சேவையில் கதைக்கலாம்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தக் குளிசைகளால் சிலருக்கு வியர்வை கூடும். அதே நேரம், வென்லாஃபாக்சினும் குறைந்த அளவு பரொக்ஸெடினும் மாதவிடாய் நிற்கும் வயதில் திடீரென்று ஏறும் சூட்டைக் குறைக்கவே கொடுக்கப்படுகின்றன. ஆகவே வியர்வை குளிசைக்கு முன்பே இருந்ததா, பிறகு வந்ததா என்பது முக்கியம். மார்புப் புற்றுநோய்க்குத் தமொக்ஸிஃபென் எடுக்கிறவர்கள் அதை முதலில் சொல்லுங்கள். பரொக்ஸெடினும் ஃபுளுஒக்ஸெடினும் அதன் வேலையைக் கெடுக்கும்.

சுகம் வந்ததும் விட்டுவிடுவது

சுகம் வந்த பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், பதகளிப்புக்குப் பெரும்பாலும் ஒரு வருடம். சடுதியாக விட்டால் தலைச்சுற்று, தலைக்குள் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு வெட்டு, எரிச்சல், அழுகை. பரொக்ஸெடினிலும் வென்லாஃபாக்சினிலும் இது கடுமை. படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். கார்த்திகை மார்கழியில் வெள்ளம் ஏறிப் பாதை அடைபடும் ஊர்க்காரர்கள், மழைக்கு முன்பே வைத்தியரிடம் சொல்லி ஒரு கிழமைக் குளிசையாவது கூடுதலாக வாங்கி வையுங்கள். ‘நான் விடவில்லை, பாதைதான் விடவில்லை’ என்று தை மாதத்தில் நடுங்கிக்கொண்டு வருகிறவர்களை ஒவ்வொரு மாரிக்கும் பார்க்கிறேன்.

நித்திரைக் குளிசையைத் துணைக்கு வைத்திருப்பது

டயசபாமும் குளோனசபாமும் அன்றிரவே வேலை செய்யும். ஆபத்து அதில்தான் இருக்கிறது. சில கிழமைகளிலேயே உடல் பழகிவிடும், பிறகு அதே அளவு போதாது. குறுகிய காலத்துக்கு வைத்தியர் தந்தால் எடுங்கள். மாதக்கணக்கில் எடுத்தவர்கள் தாங்களாக ஒரேயடியாக விடக்கூடாது, வலிப்பு வரலாம்.

அடுத்த வீட்டுக் குளிசை

வேண்டாம்.

மூட்டுவலிக் குளிசையைச் சொல்லாமல் விடுவது

இந்த வயதில் முழங்கால் நோகும், டைக்குளோஃபெனாக் வீட்டில் இருக்கும். பதகளிப்புக் குளிசையோடு அது சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு வரும் அபாயம் கூடும். பரசிட்டமோல் போதுமா என்று கேளுங்கள். டிரமடோல் என்ற வலிக் குளிசையையும் சொல்லாமல் விடாதீர்கள்.

விரதத்துக்கும் நோன்புக்கும் குளிசையை விடுவது

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஐப்பசியில் கந்தசஷ்டி, ரமழானில் முப்பது நோன்பு. காத்தான்குடிச் சகோதரிகளுக்கும் ஆரையம்பதி அக்காமாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். நாளுக்கு ஒருதரம் எடுக்கும் குளிசையை நோன்பு திறந்த பிறகோ இரவுச் சாப்பாட்டோடோ மாற்றிக்கொள்ளப் பெரும்பாலும் இடம் இருக்கிறது. விடத் தேவையில்லை. தொடங்க ஒரு கிழமைக்கு முன் வந்து கேளுங்கள்.

ஹார்மோன் என்ற சொல்லுக்கே பயப்படுவது

மாதவிடாய் நிற்கும்போது குறையும் ஹார்மோனை மருந்தாகக் கொடுப்பது பற்றி 2002இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வு உலகம் முழுக்கப் பெண்களைப் பயமுறுத்தியது. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. அறுபதுக்குக் குறைந்த, சூடேறலும் வியர்வையும் வாட்டுகிற பெரும்பாலானவர்களுக்கு நன்மைதான் அதிகம் என்பது இப்போதைய நிலைப்பாடு. கர்ப்பப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டரோன் வகையும் கட்டாயம். முதல் மூன்று மாதத்தில் மார்பு நோவும் இடைக்கிடை இரத்தமும் வரலாம். மார்புப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்தவர்களுக்கும் வேறு வழி பார்ப்பார்கள்.

வெட்கத்தில் மறைப்பது

பதகளிப்புக் குளிசைகள் தாம்பத்திய ஆசையைக் குறைக்கலாம். குமட்டலைப் போல இது தானாகப் போய்விடும் என்றும் இல்லை. மாதவிடாய் நிற்கும்போது வரும் உலர்வும் நோவும் இதோடு சேர்ந்தால், பெண்கள் காரணம் சொல்லாமலே மருந்தை விடுகிறார்கள். வீட்டில் மனக்கசப்பும் வருகிறது. இதற்கு வழி உண்டு. அளவை மாற்றலாம், மருந்தை மாற்றலாம், உலர்வுக்குத் தனியாகக் கிரீம் இருக்கிறது. வைத்தியர் ஆணாக இருந்து வாய் திறக்க முடியாவிட்டால், “குளிசை தொடங்கிய பிறகு வந்தது” என்று ஒரு துண்டில் எழுதிக் கிளினிக் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் மருந்து எடுக்கும்போது, வரிசையில் ஆட்கள் குறைந்த நேரமாகப் பார்த்து, ஜன்னலில் நிற்கும் எங்களிடம் சொல்லுங்கள். நாங்கள் எழுதித் தருகிறோம்.