எல்லாப் பிடியும் ‘கேட்ச்’ அல்ல

கல்லடிப் பாலத்தடியில் தோணியில் நின்று வீச்சுவலை எறிபவரைப் பாருங்கள். ஓடுகிற மீன் வலைக்குள் அகப்படுகிறது. ‘கேட்ச்’ என்ற ஆங்கில வினையின் நேர்ப்பொருள் அதுதான்: நகர்கிற ஒன்றை எட்டி அகப்படுத்துவது. பந்து, கோழி, கள்ளன், கல்முனை பஸ் எல்லாம் இதற்குள் வரும்.

நம்முடைய ‘பிடி’ இதைவிட அகலமானது. தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன. நெரிசலான பஸ்ஸில், உட்கார்ந்திருப்பவரிடம் “இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க அக்கா” என்று நீட்டுகிறோம். இதை ‘கேட்ச் மை பேக்’ என்று சொன்னால், பையை எறியப் போகிறீர்கள் என்றுதான் அர்த்தம். அசையாமல் வைத்திருப்பதற்கு ‘ஹோல்ட்’. படம் பிடிக்க ‘டேக்’, வாடகை வீடு பிடிக்க ‘ரென்ட்’, மனசுக்குப் பிடிக்க ‘லைக்’.

என்னிடம் படிக்கும் சாதாரண தரப் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது வேறோர் இடத்தில். “எனக்குத் தடிமன் பிடிச்சிருக்கு” என்கிறோம். தமிழில் பிடிப்பது தடிமன், அகப்படுவது நாம். ஆங்கிலத்தில் இது தலைகீழ்: ‘ஐ கோட் எ கோல்ட்’ (‘கோட்’ என்பது ‘கேட்ச்’சின் இறந்தகாலம், caught). அங்கே பிடிப்பவர் நோயாளி! அதனால் ‘கோல்ட் கோட் மீ’ என்று எழுதினால் பிழை. தீயும் இப்படித்தான். ‘த ஹவுஸ் கோட் ஃபயர்’ என்றால் வீடு தீப்பிடித்தது. தீயை முன்னே வைக்கக் கூடாது. ஆனால் மார்கழி மழையில் மாட்டிக்கொண்டால் ‘ஐ வாஸ் கோட் இன் த ரெயின்’. இங்கே நாம் அகப்பட்டவர்கள்தான். இதில் இரண்டு மொழியும் ஒத்துப்போகின்றன, பாருங்கள்.

அப்புறம், தொற்றுகிற நோய்க்கே இந்த வினை. டெங்குவுக்குச் சொல்லலாம். தலையிடிக்குச் சொல்லக் கூடாது, அதற்கு ‘ஹேவ்’ அல்லது ‘கெட்’. இறந்தகாலத்தை ‘கேட்ச்ட்’ என்று எழுதுவதும் அடிக்கடி காணும் பிழை. ‘கோட்’ என்பதே சரி.

‘வாட்ஸ் த கேட்ச்?’ என்று யாராவது கேட்டால் மீன் கணக்கைச் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள். நல்லதாகத் தெரிகிற ஒன்றில் மறைந்திருக்கும் சிக்கல் என்ன என்று கேட்கிறார்.

தொலைபேசியில் ஒருவர் பெயர் காதில் சரியாக விழவில்லையா? ‘சாரி, ஐ டிட்ன்ட் கேட்ச் யுவர் நேம்’ என்று சொல்லுங்கள். வெறுமனே ‘வாட்?’ என்று கேட்பதைவிட இது மரியாதையாகவும் இருக்கும்.