ஸ்ட்ரூ, ஸ்ட்ரூன்: எங்கெல்லாம் சறுக்குகிறோம்?

ஆங்கிலச் செய்திகளில் விபத்து, புயல், கலவரம் என்று எதைப் படித்தாலும் ‘ஸ்ட்ரூன்’ (strewn) என்ற சொல் கண்ணில் படும். ‘ஸ்ட்ரூ’ (strew) என்ற வினையின் ஒரு வடிவம் அது. படிக்கும்போது ஒரு குழப்பமும் இருக்காது. கண்ணாடித் துண்டுகளோ காகிதங்களோ எங்கும் இறைந்து கிடக்கின்றன என்று புரிந்துவிடும். அந்தச் சொல்லை வைத்து நாமே ஒரு வாக்கியம் எழுத உட்காரும்போதுதான் வில்லங்கம். அகராதி ‘தூவு, இறை, பரப்பு, சிதறச்செய்’ என்று சொல்லியிருக்கும். அதில் ஒன்றை எடுத்து அப்படியே பொருத்துவோம், வாக்கியம் கோணலாகிவிடும்.

இந்தக் கோணலுக்குக் காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. தமிழில் இந்த வினைகள் பெரும்பாலும் இரட்டையாக வரும். பொருள் தானே பரவினால் ‘பரவியது’, ஒருவர் செய்தால் ‘பரப்பினார்’. தானாக ‘இறைந்தது’, ஒருவர் ‘இறைத்தார்’. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். ஆங்கிலத்தில் சிதறு என்ற பொருளுள்ள ‘ஸ்கேட்டர்’ (scatter) ஒரே உருவத்தில் இந்த இரண்டு வேலையையும் பார்க்கும். பறவைகள் ஸ்கேட்டர் ஆகலாம், விதைகளை ஒருவர் ஸ்கேட்டர் செய்யலாம். ‘ஸ்ட்ரூ’ அப்படி இல்லை. அது பிறவினை மட்டும்தான். யாரோ அல்லது ஏதோ ஒன்று இறைக்க வேண்டும்.

அதனால் ‘தி லீவ்ஸ் ஸ்ட்ரூ இன் தி விண்ட்’ என்று எழுதினால் தவறு. காற்றில் இலைகள் தாமாகச் சிதறுகின்றன என்று சொல்ல ‘ஸ்கேட்டர்’தான் வேண்டும். ‘தி க்ரவுட் ஸ்ட்ரூடு’ என்பது அதைவிட மோசம். கூட்டம் கலைந்தது என்றால் ‘ஸ்கேட்டர்டு’ அல்லது ‘டிஸ்பெர்ஸ்டு’. ஸ்ட்ரூ பக்கமே போக வேண்டாம்.

சரி, தானாக இறைந்து கிடப்பதைச் சொல்லவே முடியாதா? முடியும். அங்கேதான் ‘ஸ்ட்ரூன்’ வருகிறது. ‘பேப்பர்ஸ் வேர் ஸ்ட்ரூன் அக்ராஸ் தி ஃப்ளோர்’ என்றால் தாள்கள் தரையெங்கும் இறைந்து கிடந்தன. யார் இறைத்தது என்ற கேள்வியே அங்கே எழவில்லை. இலக்கணப்படி அது செயப்பாட்டு வினைதான். ஆனால் அதை ‘இறைக்கப்பட்டன’ என்று தமிழில் நினைத்துக்கொண்டால் சொல்லின் ருசி போய்விடும். ‘கிடந்தன’ என்று நினைக்க வேண்டும். என் கணிப்பில் இந்தச் சொல் இன்று உயிரோடு இருப்பதே இந்த ஒரு வடிவத்தால்தான். ஒருவர் இறைக்கிற செயலைச் சொல்ல ஆங்கிலத்தில் வேறு சொற்கள் தாராளமாக உண்டு. எல்லாம் முடிந்த பிறகு கண்ணுக்குத் தெரிகிற அலங்கோலத்தைச் சொல்லத்தான் ஸ்ட்ரூனைத் தேடுகிறார்கள். ‘கிடக்கிறது’ என்று தமிழில் முடிகிற இடமா? அப்படியென்றால் ஸ்ட்ரூன் அநேகமாகப் பொருந்தும்.

அடுத்து இறந்தகாலம். இதில் சறுக்குவதற்குக் காரணம் காதுதான். ‘க்ரோ’ இறந்தகாலத்தில் ‘க்ரூ’ ஆகிறது. ‘ப்ளோ’ என்பது ‘ப்ளூ’ ஆகிறது. ‘த்ரோ’ என்பது ‘த்ரூ’. இவற்றைக் கேட்டுப் பழகிய காதுக்கு ‘ஸ்ட்ரூ’ என்பதே ஏற்கெனவே இறந்தகாலம் போல ஒலிக்கும். போதாததற்கு, எறிந்தான் என்ற பொருளுள்ள ‘த்ரூ’வும் இதுவும் ஒலியிலும் நெருக்கம், பொருளிலும் நெருக்கம். அதனால் ‘ஹீ ஸ்ட்ரூ தி க்ளோத்ஸ் யெஸ்டர்டே’ என்று எழுதிவிட்டுச் சரியாகத்தான் எழுதியிருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். சரியான வடிவம் ‘ஸ்ட்ரூடு’. ‘ஸ்ட்ரூ’ நிகழ்காலம், ‘ஸ்ட்ரூடு’ இறந்தகாலம், ‘ஸ்ட்ரூன்’ என்பது ‘பாஸ்ட் பார்ட்டிசிபிள்’ எனப்படும் எச்ச வடிவம். காட்டு என்ற பொருளுள்ள ‘ஷோ, ஷோடு, ஷோன்’ எந்தக் குடும்பமோ இதுவும் அதே குடும்பம். ‘ஸ்ட்ரூன்’ வரும் இடத்தில் ‘ஸ்ட்ரூடு’ போடுவதையும் அகராதிகள் ஏற்கின்றன. தலைகீழாகத்தான் கூடாது. ‘ஹீ ஸ்ட்ரூன் தி க்ளோத்ஸ்’ என்று துணைவினை இல்லாமல் எழுதினால் அது பிழை. ஸ்ட்ரூனுக்கு முன்னால் ‘வாஸ்’, ‘வேர்’, ‘ஹேட்’ என்று ஒரு துணை வேண்டும். இல்லையென்றால் அது பெயருக்கு அடையாக நிற்க வேண்டும்.

உச்சரிப்பில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்ட்ரூன் ஒரே மூச்சில் வரும் ஓரசைச் சொல். ‘ஸ்ட்ரூவென்’ என்று இரண்டாக உடைக்க வேண்டாம். தைப்பதற்கான வினையும் இதே ஈ, டபிள்யூ எழுத்துகளில்தான் முடிகிறது, ஆனால் அதை ‘சோ’ என்று படிப்பார்கள். அதைப் பார்த்து இதை ‘ஸ்ட்ரோ’ என்று படிக்கக் கூடாது. வைக்கோலைக் குறிக்கும் ‘ஸ்ட்ரா’வோடும் எழுத்தில் குழப்பிக்கொள்கிறார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. தரையில் பரப்பிப் போடப்படுவது என்ற பொருளில்தான் வைக்கோலுக்கு அந்தப் பெயர் வந்தது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், மக்கள் மரக்கிளைகளை வெட்டி வழியில் பரப்பினார்கள் என்ற இடத்தில் வினையே ‘ஸ்ட்ராடு’ என்றுதான் அச்சாகியிருக்கிறது. இன்று அப்படி எழுதினால் எழுத்துப்பிழை என்று அடித்துவிடுவார்கள்.

முன்னிடைச்சொற்களுக்கு வருவோம். கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. இந்த வினைக்கு இரண்டு பாதைகள் உண்டு. பொருளை முதலில் சொன்னால் பின்னால் ‘ஆன்’, ‘ஓவர்’, ‘அக்ராஸ்’ வரும். இடத்தை முதலில் சொன்னால் பின்னால் ‘வித்’ வரும். ‘டாய்ஸ் வேர் ஸ்ட்ரூன் ஓவர் தி ஃப்ளோர்’ என்பது ஒன்று, ‘தி ஃப்ளோர் வாஸ் ஸ்ட்ரூன் வித் டாய்ஸ்’ என்பது மற்றொன்று. இரண்டும் சரி. இரண்டையும் கலந்து ‘டாய்ஸ் வேர் ஸ்ட்ரூன் வித் தி ஃப்ளோர்’ என்று எழுதினால், பொம்மைகளின் மேல் தரையை இறைத்தது போல ஆகிவிடும். தரை முதலில் வரும்போது ‘பை’ போடுவதும் அடிக்கடி நடக்கிறது. ‘பை’ என்பது இறைத்தவருக்கு உரியது. ‘ஸ்ட்ரூன் பை தி விண்ட்’ என்றால் காற்று இறைத்தது. ‘ஸ்ட்ரூன் பை டாய்ஸ்’ என்றால் பொம்மைகளே எழுந்து எதையோ இறைத்தன என்று பொருள்.

சரி, இரண்டு பாதைகளும் ஒரே காட்சியையா காட்டுகின்றன? முழுக்க இல்லை. தரையை முதலில் வைத்தால், அது பெரும்பாலும் மூடப்பட்டிருக்கிறது என்ற எண்ணம் கூடவே வரும். கால் வைக்க இடமில்லை என்கிற மாதிரி. பொம்மைகளை முதலில் வைத்தால், அவை அங்கங்கே கிடந்தாலே போதும். ஓர் அறையின் மூலையில் நான்கைந்து தாள்கள் மட்டும் கிடக்கும்போது ‘தி ரூம் வாஸ் ஸ்ட்ரூன் வித் பேப்பர்ஸ்’ என்று எழுதினால் இலக்கணம் சரி, காட்சி தப்பு. செய்திக் கட்டுரை எழுதுபவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் இதைக் கவனித்தால் நல்லது.

எதை இறைக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. ஒற்றைப் பொருளை ஸ்ட்ரூ செய்ய முடியாது. ஒரு புத்தகம் தரையில் கிடந்தால் அது கிடக்கிறது, அவ்வளவுதான். பல புத்தகங்கள் வேண்டும், அல்லது வைக்கோல், குப்பை போல எண்ணிக்கையில் அடங்காத ஒன்று வேண்டும். தண்ணீர், எண்ணெய் போன்ற திரவங்களுக்கும் இது ஆகாது. தெளித்தால் ‘ஸ்ப்ரிங்கிள்’, தவறிச் சிந்தினால் ‘ஸ்பில்’.

உலர்ந்த பொருள்களில் குழப்பம் இன்னும் அதிகம். உப்பு, பூ, விதை மூன்றையும் தமிழில் ‘தூவு’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆங்கிலத்தில் உப்பை ‘ஸ்ப்ரிங்கிள்’ செய்ய வேண்டும், ஏனென்றால் கொஞ்சமாக, கை அளவறிந்து போடுவது அது. விதை முளைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு போட்டால் ‘சோ’, வெறுமனே வாரி இறைத்தால் ‘ஸ்கேட்டர்’. பூவுக்கு ஸ்ட்ரூ பொருந்தும். அலங்கோலத்தைச் சொல்லும் சொல் பூவுக்கு எப்படி என்று தோன்றலாம். பழைய இங்கிலாந்தில் வீட்டுத் தரையில் கோரைப்புல்லும் வாசனை இலைகளும் பரப்புவது வழக்கம், அதற்கு இந்த வினைதான். அரச குடும்பத்தில் இதற்கென்றே ஒரு பதவிகூட இருந்தது. 1821இல் நான்காம் ஜார்ஜ் முடிசூடியபோது ஆன் ஃபெலோஸ் என்ற பெண்மணி துணைக்கு ஆறு பெண்களோடு ஊர்வலத்தின் முன்னால் பூ இறைத்தபடி நடந்தார். அவருடைய பதவிப் பெயரே ‘ஹெர்ப் ஸ்ட்ரூவர்’. அந்தப் பழைய மங்கலப் பொருள் இன்று பூக்களோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மனிதர்களைப் பற்றி எழுதும்போது மட்டும் மிகவும் எச்சரிக்கை தேவை. ‘ஸ்டூடண்ட்ஸ் வேர் ஸ்ட்ரூன் அக்ராஸ் தி கிரவுண்ட்’ என்று எழுதினால், மாணவர்கள் மைதானத்தில் ஆங்காங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஏதோ பேரழிவு நடந்துவிட்டது என்று பதறிப்போவார்கள். மனிதர்களோடு இந்தச் சொல் சேர்ந்தால் பெரும்பாலும் பிணங்கள்தான் நினைவுக்கு வரும். ஆங்காங்கே இருந்தார்கள் என்பதற்கு ‘ஸ்கேட்டர்டு’ அல்லது ‘ஸ்ப்ரெட் அவுட்’ போதும்.

உருவகமாக வரும்போதும் அந்த நிழல் கூடவே வரும். ஒரு கட்டுரை ‘ஸ்ட்ரூன் வித் எரர்ஸ்’ என்றால் அதில் பிழைகள் மலிந்திருக்கின்றன. பாதை தடைகளால் நிறைந்தது என்பதற்கும் பொருந்தும். மகிழ்ச்சி, வெற்றி, நல்ல யோசனைகள் இவற்றைச் சொல்ல இந்தச் சொல்லை எடுத்தால் பாராட்டு கிண்டலாகத் தொனிக்கும். ‘ஃபுல் ஆஃப்’ என்று எளிமையாகச் சொல்லிவிடலாம்.

கூட்டுச்சொல்லில் ஒரு சின்ன விஷயம். இலைகள் நிறைந்த பாதைக்கு ‘லீஃப்-ஸ்ட்ரூன் பாத்’. இலைகள் பல என்பதால் ‘லீவ்ஸ்-ஸ்ட்ரூன்’ என்று பன்மை போடத் தோன்றும், போடக் கூடாது. ‘ராக்-ஸ்ட்ரூன்’ என்பதும் அப்படித்தான், ஒருமையில் நிற்கும். நடுவில் வரும் சிறுகோட்டையும் மறக்க வேண்டாம்.

விண்கல் ஆய்வில் ‘ஸ்ட்ரூன் ஃபீல்ட்’ என்று ஒரு கலைச்சொல் உண்டு. அதை ‘விதைக்கப்பட்ட வயல்’ என்று மொழிபெயர்த்துவிடும் ஆபத்து இருக்கிறது. வயலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வானில் உடைந்த விண்கல்லின் துண்டுகள் விழுந்து கிடக்கிற நிலப்பரப்பு அது. 1947 பிப்ரவரி 12 அன்று ரஷ்யாவின் தூரக் கிழக்கில் சிகோட்டே-அலின் மலைப்பகுதியில் விழுந்த இரும்பு விண்கல் அப்படி ஒரு பரப்பை விட்டுச் சென்றது. இத்தகைய பரப்பு பொதுவாக நீள்வட்டமாக இருக்கும். கனமான துண்டுகள் விண்கல் வந்த திசையிலேயே தொலைவாகப் போய் விழும், இலேசானவை முன்னாலேயே தங்கிவிடும். தமிழில் ‘துண்டுகள் சிதறிய பரப்பு’ என்று எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது.