காற்று மாசும் சுவாசத் தொற்றும்: ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுவாசநோய்ப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள் காற்று மாசையும் தொற்றின் கடுமையையும் இணைத்து ஆராய முன்வருவது மகிழ்ச்சி அளிக்கிறது. ஆனால் எங்கள் தலைமுறை பயிற்சிக் காலத்தில் செய்த பிழைகளே அவர்களுடைய அறிக்கைகளிலும் அச்சு மாறாமல் திரும்ப வருகின்றன. அலகை மாற்றி எழுதுவது போன்றவற்றை யாரேனும் திருத்திவிடுவார்கள் என்பதால், எளிதில் கண்ணில் படாதவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அன்றைய அளவை வைத்து ஆண்டுகளை எடைபோடுதல்

நோயாளி சேர்க்கப்பட்ட நாளின் காற்றுத் தரக் குறியீடு, அவருடைய நுரையீரல் பல ஆண்டுகளாக எதைச் சுமந்தது என்பதைக் கூறாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பி.எம். 2.5 நுண்துகளுக்கு ஆண்டுச் சராசரியாகக் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்றும், 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்ரோகிராம் என்றும் தனித்தனியே வரம்பு வகுத்திருப்பதை நினைவில் கொள்ளுங்கள்.

தொற்று வந்ததா என்று மட்டும் எண்ணுதல்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். பெருஞ்சாலையை ஒட்டிய குடியிருப்பையும் அதிலிருந்து விலகிய குடியிருப்பையும் ஒப்பிட்ட பயிற்சி மருத்துவர் ஒருவர், இரண்டிலும் நிமோனியா நோயாளிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால், மாசுக்கும் நிமோனியாவுக்கும் தொடர்பில்லை என்று ஒரே வரியில் முடித்திருந்தார். அதே அட்டவணையின் அடுத்த கட்டத்திலேயே, சேர்க்கையின்போது விரல்நுனிக் கருவி காட்டிய ஆக்ஸிஜன் அளவு பதிவாகியிருந்தது. அதைப் பிரித்துப் பார்த்தபோது, ஆக்ஸிஜன் செலுத்த வேண்டியிருந்தவர்களில் பெரும்பாலோர் சாலையோரத்தவர்களாக இருந்தார்கள்.

குவாத்தமாலாவின் மலைப்பகுதியில் நடந்து, 2011இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வை இவர்கள் அவசியம் படிக்க வேண்டும். திறந்த விறகடுப்புக்குப் பதிலாகப் புகைபோக்கி வைத்த அடுப்பைப் பெற்ற வீடுகளில், குழந்தைகள் உள்ளிழுத்த கார்பன் மோனாக்சைடு சராசரியாகப் பாதியாகக் குறைந்தது. மருத்துவர் உறுதிசெய்த நிமோனியாவின் மொத்த எண்ணிக்கையில் புள்ளியியல்படி உறுதியான குறைவு தென்படவில்லை. ஆனால் இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையும் அளவுக்குக் கடுமையான நிமோனியா ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மொத்த எண்ணிக்கையோடு நின்றிருந்தால், குழந்தைகளின் உயிரைக் காக்கக்கூடிய ஓர் ஏற்பாடு பயனற்றது என்று ஒதுக்கப்பட்டிருக்கும்.

இதன் காரணம் நுரையீரலுக்குள்ளேயே இருக்கிறது. நீண்ட காலம் நுண்துகளைச் சுவாசித்தவர்களின் மூச்சுக்குழாய்களில் சளியை மேலே தள்ளும் நுண்ணிழைகள் சேதமடைகின்றன. காற்றறைகளில் கிருமியை விழுங்க வேண்டிய செல்கள் கரித்துகளை விழுங்கி மந்தமடைகின்றன. அத்தகையவரின் சளியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், அச்செல்களுக்குள் கருந்திட்டுகள் அடைந்திருப்பதைக் கண்ணாலேயே காணலாம். தொண்டையோடு நின்றிருக்க வேண்டிய தொற்று ஆழத்துக்கு இறங்குவதற்கும், ஏற்கெனவே அழற்சியில் இருக்கும் திசு கூடுதலாக வீங்குவதற்கும் இது வழிவகுக்கிறது. ஆகவே ஆக்ஸிஜன் தேவை, தீவிர சிகிச்சை, இறப்பு ஆகியவற்றில் எதைக் கடுமையின் அளவுகோலாகக் கொள்வது என்பதைத் தரவைத் திறக்கும் முன்பே எழுதி வையுங்கள்.

வயதையும் வறுமையையும் விட்டுவிடுதல்

இவ்விரண்டும் தொற்றின் கடுமையைப் பாதிக்கக்கூடியவை; அவற்றின் தாக்கத்தைப் பிரித்துச் சரிசெய்யாத கணக்கை வெளியிடக் கூடாது.

வட்டாரச் சராசரியைத் தனிமனிதர் மீது ஏற்றுதல்

நீண்டகாலச் சராசரி பி.எம். 2.5 ஒரு மைக்ரோகிராம் கூடிய அமெரிக்க மாவட்டங்களில் கோவிட் இறப்பு விகிதம் 11 சதவீதம் கூடுதலாக இருந்ததாக 2020இல் வெளிவந்த ஹார்வர்டு ஆய்வு கூறியது. அந்த எண் மாவட்டங்களைப் பற்றியது. படுக்கையில் இருக்கும் நோயாளியிடம் அதைக் கூறி அச்சுறுத்துவது தவறு.

புகைபிடிக்காதவர் என்று எழுதி முடித்தல்

சாதாரண ஃப்ளூ காய்ச்சலோடு வந்து இரண்டாம் நாளே ஆக்ஸிஜன் தேவைப்பட்ட ஒரு மூதாட்டியின் குறிப்பேட்டில் ‘புகைபிடிக்காதவர்’ என்று மட்டுமே எழுதப்பட்டிருந்தது. இளம் வயதிலிருந்தே சன்னலில்லாத சமையலறையில் விறகெரித்தவர் அவர் என்பதை எவரும் கேட்கவில்லை. எந்த எரிபொருளில் சமைத்தார், எங்கே வேலை செய்தார், வீட்டுக்கும் பெருஞ்சாலைக்கும் எவ்வளவு தூரம், அங்கே எத்தனை ஆண்டுகள் வசித்தார் என்ற நான்கு கேள்விகளும் சேர்க்கைப் படிவத்திலேயே இடம்பெற வேண்டும்.