கேரட் துண்டுகளால் ஒரு கைரால் ஆல்கஹால்: நொதி வினையில் இறங்குபவர்களுக்கு முதல் செய்முறை

அசிட்டோபீனோன் என்ற கீட்டோனை ஒடுக்கி (ஹைட்ரஜன் ஏற்றி) 1-பீனைல்எத்தனால் என்ற ஆல்கஹாலாக மாற்ற சோடியம் போரோஹைட்ரைடு போதும். அரை மணி நேர வேலை. ஆனால் இந்த ஆல்கஹால் கைரால், அதாவது இடக்கை வலக்கைபோல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்கள் உள்ளது. கிடைப்பது இடக்கை மூலக்கூறும் வலக்கை மூலக்கூறும் பாதிக்குப் பாதி கலந்த ரேசிமிக் கலவை. அதே வேலையைப் பச்சைக் கேரட்டில் உள்ள நொதியிடம் கொடுத்தால் இரண்டு நாள் இழுக்கும், ஆனால் பெரும்பாலும் ஒரே கை மூலக்கூறு வரும். மருந்துத் தயாரிப்பில் நொதிகளுக்கு இவ்வளவு மவுசு இருப்பது இதனால்தான். சர்க்கரை நோய் மருந்தான சிட்டாகிளிப்டின் தயாரிப்பில் ரோடியம் வினையூக்கி செய்த வேலைக்கு, மெர்க், கோடெக்சிஸ் நிறுவனங்கள் சேர்ந்து ஒரு டிரான்ஸ்அமினேஸ் நொதியைத் திருத்தி அமைத்து 2010இல் வெளியிட்டார்கள்.

நாம் செய்யப்போவது ஹைதராபாத் இந்திய வேதித் தொழில்நுட்பக் கழகத்தில் ஜே. எஸ். யாதவ் குழுவினர் 2002இல் வெளியிட்ட முறை. சுத்தமான நொதியை வாங்காமல் ஏன் கேரட்? கீட்டோனை ஒடுக்கும் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி தனியாக வேலை செய்யாது. ஹைட்ரஜனைக் கொண்டுவந்து கொடுக்க என்ஏடிபிஹெச் என்ற துணை மூலக்கூறு வேண்டும். அதைக் கடையில் வாங்கினால் காலேஜ் பட்ஜெட் தாங்காது. உயிருள்ள செல்லோ தன்னிடம் உள்ள சர்க்கரையைச் செலவழித்து அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொள்ளும். முதல் தடவை செய்பவர்களுக்கு முழு செல்தான் சரி என்பது என் கட்சி.

கேரட் என்றதும் வீட்டுச் சமையலறையில் இறங்கிவிட வேண்டாம். எத்தில் அசிட்டேட்டும் ஹெக்சேனும் தீப்பிடிக்கும் சரக்கு. லேப், ஃப்யூம் ஹுட் (புகையை உறிஞ்சும் கூண்டு), பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை எல்லாம் வேண்டும்.

படி 1: கேரட்

கோயம்பேட்டிலோ தெருமுனைக் கடையிலோ கிடைக்கும் ஊட்டி கேரட் போதும். வாடாமல், ஒடித்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். கழுவி, மேல் தோலைச் சீவி எறிந்துவிட்டு, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். துருவ வேண்டாம். துருவினால் செல்கள் நசுங்கிவிடும், பின்னால் பிரித்தெடுக்கும்போதும் கூழாகிப் படுத்தும்.

படி 2: மூன்று குடுவை

250 மி.லி. கோனிக்கல் ஃப்ளாஸ்க் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 70 மி.லி. டிஸ்டில்டு வாட்டர். குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

முதல் குடுவையில் 10 கிராம் பச்சைக் கேரட். இரண்டாவதில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவைத்த 10 கிராம் கேரட். மூன்றாவதில் கேரட்டே கிடையாது. மூன்றிலும் 100 மி.கி. அசிட்டோபீனோன் விடுங்கள், அடர்த்தி 1.03 என்பதால் மைக்ரோபிப்பெட்டில் ஏறக்குறைய 0.1 மி.லி. இதன் உருகுநிலை 20 டிகிரிதான், அதனால் சென்னையில் பாட்டிலுக்குள் பெரும்பாலும் திரவமாகவே இருக்கும். ஏசி ஸ்டோர் ரூமில் உறைந்து கிடந்தால் உள்ளங்கையில் சற்று நேரம் பிடித்தால் போதும்.

இரண்டாவது குடுவையைப் பலர் வீண் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்தச் சோதனையின் உயிரே அதுதான். கொதித்த கேரட்டிலும் அதே சர்க்கரை, அதே நிறமி இருக்கிறது. நொதி மட்டும் செத்துவிட்டது. அங்கே வினை நடக்காமல் முதல் குடுவையில் நடந்தால்தான் நொதியின் வேலை என்று அடித்துச் சொல்ல முடியும்.

படி 3: குலுக்கல்

குடுவை வாயைப் பஞ்சால் அடைத்து ஷேக்கரில் வையுங்கள். கெமிஸ்ட்ரி துறையில் ஷேக்கர் இல்லையென்றால் பக்கத்தில் பயோடெக் துறை லேப் அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள். 150 ஆர்பிஎம், 40 மணி நேரம்.

வெப்பநிலையில்தான் சென்னைக்காரர்கள் உஷாராக இருக்க வேண்டும். 'அறை வெப்பநிலை' என்று படித்துவிட்டு மே மாதத்தில் ஏசி இல்லாத லேபில் வைத்தால், இரண்டாம் நாள் தண்ணீர் கலங்கிப் புளித்த வாடை அடிக்கும். புகுந்த பாக்டீரியாவிடமும் ஈஸ்ட்டிடமும் சொந்த டிஹைட்ரஜனேஸ்கள் உண்டு. அவை கேரட்டுக்கு எதிர்க் கை மூலக்கூறைச் செய்து தரலாம், வேகவைத்த குடுவையிலும் வேலையைக் காட்டலாம். ஷேக்கரை 25 முதல் 28 டிகிரிக்குள் பூட்டிவிடுங்கள். புளித்துப்போனால் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பதே மேல்.

படி 4: டிஎல்சி (மெல்லடுக்குத் தட்டில் பிரித்துப் பார்த்தல்)

ஒரு மி.லி. எடுத்து, சில துளி எத்தில் அசிட்டேட்டில் குலுக்கி, மேல் அடுக்கைத் தட்டில் வையுங்கள். தட்டை ஓட்ட ஹெக்சேன் நான்கு பங்கு, எத்தில் அசிட்டேட் ஒரு பங்கு. பக்கத்திலேயே சுத்தமான அசிட்டோபீனோனையும், போரோஹைட்ரைடில் செய்த ரேசிமிக் ஆல்கஹாலையும் புள்ளி வையுங்கள்.

தட்டின் உச்சியில் கண்ணுக்கே தெரியும் ஆரஞ்சுப் புள்ளி கேரட்டின் கரோட்டீன், அதைக் கண்டு குழம்ப வேண்டாம். 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் கீட்டோன் கருகருவென்று தெரியும். அதற்குக் கீழே நிற்கும் ஆல்கஹால் மங்கல்தான். வினை நடக்கவே இல்லை என்று பலர் ஏமாறுவது இந்த இடத்தில். தட்டை வனிலின் கரைசலில் முக்கிச் சூடாக்குங்கள், ஆல்கஹால் நிறம் பிடித்து எழும்.

படி 5: பிரித்தெடுத்தல்

துண்டுகளை வடிகட்டி, கொஞ்சம் எத்தில் அசிட்டேட்டால் அலசுங்கள். வடிநீரில் கைநிறைய உப்பைக் கரைத்துவிட்டு எத்தில் அசிட்டேட்டால் மூன்று முறை எடுங்கள். உப்பு போடாவிட்டால் நடுவில் நுரைபோல ஓர் அடுக்கு நின்று உயிரை வாங்கும். அப்படியும் நின்றால் செலைட் என்ற வடிகட்டும் தூள் வழியே வடிகட்டலாம். அப்புறம் வழக்கம்போல நீரை உறிஞ்ச நீரற்ற சோடியம் சல்ஃபேட், கரைப்பானை ஆவியாக்க ரோட்டா (சுழலும் ஆவியாக்கி). அதன் நீர்த்தொட்டி 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம். கையில் இருப்பதே 100 மி.கி.

மிச்சமிருக்கும் கீட்டோனை வாலைவடித்துப் பிரிக்கலாமே என்று தோன்றும். முடியாது. ஒன்று கொதிப்பது 202 டிகிரியில், மற்றது 204இல். சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாய் (காலம்) வழியே இறக்குவதுதான் வழி: முதலில் ஹெக்சேனோடு கரோட்டீன் இறங்கும், பிறகு கீட்டோன், கடைசியில் ஆல்கஹால்.

படி 6: எந்தக் கை?

ஐஆர் (அகச்சிவப்பு) நிறமாலையில் 1685 செ.மீ⁻¹ அருகே இருந்த கார்போனைல் உச்சி போய், 3350 பக்கம் அகலமான ஓ–ஹெச் பட்டை வரும். என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) நிறமாலையில் 2.6 பிபிஎம்மில் இருந்த மெத்தில் ஒற்றைக்கோடு 1.5 அருகே இரட்டைக்கோடாகும். கல்லூரியில் என்எம்ஆர் இல்லாதவர்கள் ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் உள்ள சைஃப் பகுப்பாய்வுக் கருவி மையத்துக்குக் கட்டணம் கட்டி அனுப்பலாம்.

ஆனால் இவை இரண்டும் கையைச் சொல்லாது. அதற்கு ஒளியின் தளத்தை எவ்வளவு திருப்புகிறது என்று அளக்கும் போலாரிமீட்டர் வேண்டும். இரு கைகளில் ஒன்றுக்கு எஸ், மற்றதற்கு ஆர் என்று பெயர். கேரட் தரும் எஸ் வடிவம் மெத்தனாலில் சுமார் மைனஸ் 45 டிகிரி தன்சுழற்சி காட்டும். ஒரு குடுவைச் சரக்கை, 70 மி.கி. என்று வைத்துக்கொள்ளுங்கள், 10 மி.லி.யில் கரைத்து ஒரு டெசிமீட்டர் குழாயில் வைத்தால் அளவு சுமார் மைனஸ் 0.3 டிகிரிதான் தேறும். பழைய லேப் கருவியில் அதை நம்பிப் படிக்க முடியாது. ஆகவே பச்சைக் கேரட் குடுவையை மட்டும் ஐந்தாகப் போட்டு, விளைபொருளை ஒன்றுசேருங்கள். 350 மி.கி. கிடைத்தால் ஏறத்தாழ ஒன்றரை டிகிரி திரும்பும். குழாயில் குமிழி இருக்கக்கூடாது. கீட்டோன் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அளவு குறையும்.

எஸ் வடிவம்தான் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடிவதற்குப் பிரெலாக் விதி காரணம். நொதியின் குழியில் பெரிய பீனைல் ஒரு பக்கமும் சிறிய மெத்தில் மறுபக்கமும்தான் பொருந்தும், இடது கால் செருப்பு வலது காலில் ஏறாததுபோல. அதனால் ஹைட்ரைடு (என்ஏடிபிஹெச் தரும் ஹைட்ரஜன்) பெரும்பாலும் ஒரே முகத்திலிருந்து வந்து சேரும். விளாடிமிர் பிரெலாக் 1975இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

துல்லியமான விகிதம் வேண்டுமானால் இரு கைகளையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கைரால் எச்பிஎல்சி கருவியில் பார்க்க வேண்டும். போரோஹைட்ரைடு மாதிரியைத் தூக்கி எறியாதீர்கள், இரண்டு உச்சிகளையும் அடையாளம் காண அது தேவைப்படும். வடிகட்டிய கேரட் துண்டுகளில் கரைப்பான் ஊறியிருக்கும். ஹுட்டுக்குள் உலரவிட்டு, லேபின் ரசாயனக் கழிவுத் தொட்டியில் சேருங்கள். கேண்டீன் குப்பையோடு போட வேண்டாம்.