நீளும் கொலை வழக்கும் வீட்டாரின் அன்றாடமும்

அமர்வு நீதிமன்றத்தில் கொலை வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும்போது, ஒவ்வொரு வாய்தாவுக்கும் கொல்லப்பட்டவரின் வீட்டார் அனைவரும் வேலையை விட்டுச் செல்லாமல், முறைவைத்து இருவர் செல்வதே நல்லது. முந்தைய இரவே வழக்கின் சிஎன்ஆர் எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண்) நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியில் இட்டு, மறுநாள் எதற்காக வழக்கு வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீதிமன்ற ஊழியரான டவாலி பெயர் கூப்பிடுவது காதில் விழும் இடத்தில் அமருங்கள்.

நீங்களே சாட்சியென்றால், உங்கள் சாட்சியம் முடியும்வரை பிறர் சொல்வதைக் கேட்க உள்ளே இருக்கக் கூடாது. பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் கூண்டேறும் நாளில், இறந்தவரின் தாயை அழைத்துச் செல்ல வேண்டாம். உறை பிரித்து மேசைமேல் வைக்கப்படும் இறந்தவரின் கறைபடிந்த சட்டையை அவர் பார்க்க நேரிடலாம்.

நீதிமன்ற அனுமதியுடன் அரசு வழக்கறிஞருக்குத் துணையாக உங்கள் வழக்கறிஞரை நியமிக்கச் சட்டம் இடம் தருகிறது. வசதியில்லாதோர் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம்.