மார்பக நியூக்ளியர் ஸ்கேனுக்கு கோட் போடுவது எப்படி?

மெடிக்கல் கோடிங் (சிகிச்சை, பரிசோதனைகளைக் குறியீடாக மாற்றி எழுதும் வேலை) பழகும் பலர் நியூக்ளியர் மெடிசின் (கதிரியக்கப் பொருளை உடலில் செலுத்திப் படம் எடுக்கும் துறை) என்றதும் மிரள்கிறார்கள். அமெரிக்க மருத்துவமனைகளில் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள ஐசிடி-10-பிசிஎஸ் (உள்நோயாளிகளுக்குச் செய்யும் சிகிச்சை, பரிசோதனைகளுக்கான குறியீட்டு முறை) முறையில் மார்பக, தோல் நியூக்ளியர் ஸ்கேன்களுக்குச் சேர்த்து இரண்டே டேபிள்கள்தான். பொறுமையாகப் பார்த்தால் ஒரு மாலையில் பிடிபட்டுவிடும்.

முதலில், நோயாளி அட்மிட் ஆனவரா என்று பாருங்கள். வெளிநோயாளி என்றால் சிபிடி என்ற வேறு முறையின் கோட். பிசிஎஸ் பக்கம் வர வேண்டாம்.

படி 1: கோடில் மொத்தம் ஏழு இடங்கள். முதல் இடம் சி, அதாவது நியூக்ளியர் மெடிசின். இரண்டாவது ஹெச்: தோல், தோலடித் திசு, மார்பகம்.

படி 2: மூன்றாவது இடம் படம் எடுத்த விதம். பிளானர் (தட்டையான படம்) என்றால் 1, ஸ்பெக்ட் (சுற்றிலும் எடுத்து உருவாக்கும் முப்பரிமாணப் படம்) என்றால் 2. ரிப்போர்ட்டின் தலைப்பை மட்டும் நம்பாமல் ‘டெக்னிக்’ பத்தியைப் படியுங்கள்.

படி 3: நான்காவது இடம் உறுப்பு. வலது மார்பகம் 0, இடது 1, இரண்டும் என்றால் 2. இரண்டு பக்கமும் எடுத்திருந்தால் இரண்டு கோட் போடாதீர்கள், 2 போட்டால் போதும். தோல் ஸ்கேனுக்கு ஒய்.

படி 4: ஐந்தாவது இடம் கதிரியக்கப் பொருள். டெக்னீஷியம்-99எம் என்றால் 1, தாலியம்-201 என்றால் எஸ், வேறு எது என்றாலும் ஒய். ரிப்போர்ட்டில் வெறுமனே ‘செஸ்டமிபி’ என்று ஸ்கேன் மருந்தின் பெயர் மட்டும் இருந்தால் குழம்ப வேண்டாம். அதில் இணைத்திருப்பது டெக்னீஷியம்-99எம்தான். நான்காவது இடம் ஒய் என்றால் இங்கும் ஒய் மட்டுமே வரும்.

கடைசி இரண்டும் எப்போதும் இசட்.

சரி, போட்டுப் பார்ப்போம். வலது மார்பகம், பிளானர், செஸ்டமிபி: சி-ஹெச்-1-0-1-இசட்-இசட். இரு மார்பகமும், ஸ்பெக்ட், தாலியம்: சி-ஹெச்-2-2-எஸ்-இசட்-இசட். முதல் கோடின் நடுவில் வருவது பூஜ்யம். ஆங்கில எழுத்து ஓ-வும் ஐ-யும் பிசிஎஸ்ஸில் கிடையவே கிடையாது.

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் சென்டினல் நோடு (புற்றுநோய் முதலில் பரவக்கூடிய நிணநீர் முடிச்சு) ஸ்கேன். மார்பகப் புற்றுநோய்க்கோ மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கோ செய்வார்கள், ஊசியும் அங்கேயேதான் போடுவார்கள். ஆனால் படம் எடுப்பது நிணநீர்ப் பாதையை. எனவே இரண்டாவது இடத்தில் ஹெச் வராது, 7 வரும். ஊசி எங்கே போட்டார்கள் என்பதை விட்டுவிட்டு, எதைப் படம் பிடித்தார்கள் என்று தேடுங்கள்.

அப்புறம், டேபிள்கள் ஆண்டுதோறும் அக்டோபர் 1 அன்று புதுப்பிக்கப்படும். டிஸ்சார்ஜ் ஆன தேதிக்கு உரிய டேபிளையே திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.