வன்னிக் காட்டில தனிய கொஞ்ச நேரம் இருக்க விருப்பமோ

இலங்கையின்ர வடக்கில, வன்னியில, மாங்குளத்தில இருந்து ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பினாலே பாலை மரம், வீரை மரம், முதிரை மரம் எண்டு காடுதான், ஆனா தனிமை வேணுமெண்டு நடுக்காட்டுக்க இறங்கிறது விசர் வேலை. உங்கட ஊர்க் குளத்தின்ர அலைகரையே, அதான் அணைக்கட்டுக்கு எதிர்ப்பக்கம் காட்டோட ஒட்டின கரையே காணும். கட்டுப் பக்கம் குளிக்கிற சனம், மோட்டச்சைக்கிள், மீன் வாங்க வாறாக்கள் எண்டு ஒரே சத்தம், அலைகரைப் பக்கம் ஒருத்தரும் வரமாட்டினம்.

போக முதல் மாடு சாய்க்கிற ஐயா ஆரையும் பிடிச்சு "ஐயா, உங்கால யானை நிக்குதோ?" எண்டு கேளுங்கோ, ராத்திரி எதால இறங்கி எதால ஏறினது எண்டு வரைக்கும் சொல்லுவார், கூகுள் மப் இதுக்கு உதவாது. மாடு போற தடத்தை விட்டு விலகாதேங்கோ. மண்டையோடு போட்ட சிவப்புப் போர்ட் கண்டா ஒரு அடியும் வைக்காம வந்த வழியால திரும்புங்கோ, மிதிவெடி இன்னும் முழுக்க எடுத்து முடியேல்லை.

விடியக் கருக்கலில வேண்டாம், வெயில் கொஞ்சம் ஏறட்டும். தடத்தில யானை லத்தி பச்சையா ஈரமாக் கிடந்தா அண்டைக்கு நடை முடிஞ்சுது.

வைகாசி, ஆனியில பாலைப்பழம் பழுக்கும். மஞ்சள் மஞ்சளா குட்டிப் பழம், அஞ்சாறு திண்டாலே பால் பட்டு சொண்டு ரெண்டும் ஒட்டிப்போடும், தேங்காயெண்ணை பூசித்தான் கழட்டோணும். கரடிக்கும் அதெண்டா உயிர், அதால பாலைக்குக் கீழ போக முதல் மேல அண்ணாந்து பாருங்கோ, நடக்கேக்க கொஞ்சம் செருமிச் செருமிப் போங்கோ. சத்தமில்லாம போய் கரடியைத் திடுக்கிட வைக்கிறதுதான் ஆபத்து.

பிறகு ஒரு மருதமர வேரில குந்துங்கோ, போனை சைலண்டில போட்டு பொக்கற்றுக்க வையுங்கோ. ஹெட்செட் வேண்டவே வேண்டாம், தடி முறியிற சத்தம் கேக்கோணுமெல்லோ! முதல் பத்து நிமிசம் ஒண்டும் நடக்காது, விசர் வரும், எழும்பிப் போயிடாதேங்கோ. மெல்ல மெல்ல சருகு சரசரக்கும், பாம்பெண்டு பயந்து பாத்தா காட்டுக்கோழி ஒண்டு காலால கிளறிக் கிளறி வரும், சேவலெண்டா அந்தச் சிவப்பும் மஞ்சளும், சொல்லி வேலையில்லை.

நாலு மணிக்கு முதல் வெளிக்கிட்டிடுங்கோ, பின்னேரம் யானை தண்ணிக்கு வரும். வீட்ட போனோடன உடுப்பை வெளியிலயே கழட்டி, முழங்காலுக்குப் பின்னாலயும் இடுப்பிலயும் உண்ணி கடிச்சிருக்கோ எண்டு வடிவாப் பாருங்கோ.